ரேகை வைத்த வயது

மதுரையிலிருந்து தேனி சாலையில் போய், நாகமலைப் புதுக்கோட்டையில் இடப்பக்கம் திரும்பினால் சிறிது தூரத்தில் கீழக்குயில்குடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் பைக் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். மேலே செட்டிப்புடவில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்கள். கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் கேமராக்காரரோடு வந்து குளக்கரையில் நிற்கிறார்கள். இருபது வயதுக்காரர்கள் யாருக்கும் பதில் சொல்லாமல் பொழுதைக் கழிக்க மதுரையைச் சுற்றி இருக்கும் சில இடங்களில் இது ஒன்று.

இதே ஊரின் இருபது வயதுக்காரர்களைத்தான் பிரிட்டிஷ் அரசு 1914-ல் முதலில் பிடித்தது. வடக்கே 1871-ல் பிறந்து, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், மதுரை ஜில்லாவில் பிறமலைக் கள்ளர் மீது முதன்முதலாகப் பாய்ந்த ஊர் கீழக்குயில்குடி. அடுத்த சில ஆண்டுகளில் செக்கானூரணி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரம் முழுவதும் அது பரவியது. 1947 வரை, அந்தச் சாதியில் பிறந்து மீசை முளைத்த ஒவ்வொருவனும் அரசாங்கத்தின் கண்ணில் பதிவேட்டில் ஏற வேண்டிய ஒரு பெயர்தான்.

இன்றைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பையன் பிளஸ் டூ முடித்தவுடன் வீட்டில் தொடங்கும் பேச்சுக்கும், அந்தப் பழைய பதிவேட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தத் தொடர்பை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அதனால் அந்தப் பேச்சின் கனம் ஏன் இவ்வளவு என்று பையனுக்குப் புரிவதில்லை.

சட்டம் வருவதற்கு முன்பு, ஒரு பையனை ஆள் என்று ஒப்புக்கொண்டது உறவும் ஊரும். பிறமலைக் கள்ளரிடையே அன்று ‘மார்க்கக் கல்யாணம்’ என்றொரு சடங்கு இருந்தது. ஆண் பிள்ளைகளுக்குச் செய்யும் சுன்னத்துச் சடங்கு அது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் அதை விவரித்திருக்கிறார். தாய்மாமன் பையனைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே தோப்புக்கோ பொட்டலுக்கோ போவார். வழிநெடுகச் சங்கு ஊதுவார்கள். கூடியவர்களுக்கு வெற்றிலை கொடுப்பார்கள். நாவிதர் காரியத்தை முடிப்பார். பையனுக்குப் புதுத்துணி போடுவார்கள். நாற்பதுகளின் கடைசியில் இந்தப் பகுதிக்கு வந்து தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1957-ல் வெளியிட்ட தன் நூலில் இந்த மாமன் உறவையே விரிவாக ஆராய்ந்தார். மாமன் மகள் முறைப்பெண். காது குத்தலிலிருந்து கல்யாணம் வரை ஒவ்வொரு கட்டத்திலும் மாமன் வீட்டுச் சீர் வர வேண்டும். திருமண உறவுகளைப் பற்றி உலகம் முழுக்க மானிடவியல் மாணவர்கள் படிக்கும் கோட்பாடு ஒன்றின் வேர் உசிலம்பட்டிப் பக்கத்து மாமன் மச்சான் உறவில் இருக்கிறது.

மாமன் தோளில் ஏறிப் போன அதே பையனை, சில வருஷம் கழித்து அரசாங்கம் போலீஸ் கச்சேரிக்கு அழைத்தது. பத்து விரலிலும் மை தடவி உருட்டி எடுத்தார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், அங்க அடையாளம் எல்லாம் எழுதினார்கள். அவன் எதையாவது திருடியிருக்க வேண்டும் என்ற அவசியமே சட்டத்தில் இல்லை. பிறப்பே போதும். ஊரை விட்டு ஓர் இரவு வெளியே தங்குவதானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று அதில் எழுதியிருக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் அதைக் காட்டவும் வேண்டும். சிலர் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். இரவானால் பாய் இல்லாத சாவடியிலோ காவல் நிலையத் திண்ணையிலோ மற்ற ஆண்களோடு படுத்து, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும்.

இதைப் பற்றி அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் அடிக்கடி வருவது கல்யாண ராத்திரி. காலையில் தாலி கட்டியவன், பொழுது சாய்ந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்குப் போவான். புதுப்பெண் மாமியாரோடு வீட்டில் இருப்பாள். சாவடியில் அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய தகப்பன் படுத்திருப்பார். சில வீடுகளில் தாத்தாவும். மூன்று தலைமுறை ஆண்கள் வரிசையாகப் படுத்திருக்க, ஒரு காவலர் லாந்தரைத் தூக்கிப் பிடித்து எண்ணிவிட்டுப் போவார். ‘நீ இனி பெரிய மனுசன்’ என்று பகலில் ஊர் சொன்னதை இரவில் அரசாங்கம் இல்லை என்றது. தகப்பனுக்கு மகன் முன்னால் நேர்ந்த சிறுமையும், மகனுக்குத் தகப்பன் முன்னால் நேர்ந்த சிறுமையும் எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை.

சட்டம் ஏன் இவர்கள் மீது வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மதுரைச் சமவெளியில் காவல் என்பது ஒரு பழைய ஏற்பாடு. ஊர்க்காவல், களக்காவல், வீட்டுக்காவல் என்று கூலி வாங்கிக் காத்தவர்கள் கள்ளர். களவு போனால் மாட்டை மீட்டுத் தரத் துப்புக்கூலி என்று ஒன்றும் இருந்தது. காத்த கையே எடுத்தும் இருக்கிறது. அதைச் சமூகத்தின் பெரியவர்களே மறைப்பதில்லை. 1896-ல் திண்டுக்கல் பக்கம் மற்ற சாதியினர் திரண்டு காவல் முறைக்கு எதிராகக் கலகமே நடத்தினார்கள். பிரிட்டிஷ் போலீசுக்கோ தன் அதிகாரத்துக்கு வெளியே இன்னொரு காவல் இருப்பது பொறுக்கவில்லை. கள்ளருக்குப் பிழைப்புக்கு வேறு வழியும் இல்லை. 1895-ல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர் மேலூர்ப் பக்கத்து வயல்களை நனைத்தது. உசிலம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமியாகவே கிடந்தது. வேலை பறிபோய், தண்ணீரும் வராத ஊரில், ஆண்கள் எல்லாரையும் திருடர் என்று எழுதிவைப்பது அரசுக்குச் செலவு குறைந்த வழியாக இருந்தது.

அதை எல்லா ஊரும் தலைகுனிந்து ஏற்கவில்லை. சேடபட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி ரேகை எடுக்க வந்த போலீஸ் படையை ஊர் மறித்தது. துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு போனவர் என்று மாயக்காளை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பெருங்காமநல்லூரை மதுரைப் பிள்ளைகளே பலர் கேள்விப்பட்டதில்லை.

நீதிமன்றத்தில் இவர்களுக்காக வாதாடியவர் கேரளத்திலிருந்து வந்து மதுரையில் வக்கீல் தொழில் செய்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். அவரை இந்த மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்றார்கள். பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். பின்னர் முத்துராமலிங்கத் தேவர், ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி என்று பலரும் போராட்டத்தைக் கையில் எடுத்தார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆகஸ்ட் 31 வரை ஆயிற்று. இந்த மக்களின் காவல் வரலாற்றைப் பெரிய நாவலாக்கிய சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2011-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நாவல் படிக்கிற வழக்கம் உள்ள வீடுகளுக்கு அதன் வழியே இந்த வரலாறு போய்ச் சேர்ந்தது. மற்ற வீடுகளில் அது சீயானோடு, அதாவது தாத்தாவோடு, போய்விட்டது.

சட்டம் நீங்கியதற்குப் பிந்தைய தலைமுறை பள்ளிக்கூடத்தின் வழியே ஆளானது. சட்டத்தின் மறுபக்கமாக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் துறை, கண்காணிக்க வந்த இடத்திலேயே பள்ளிகளையும் விடுதிகளையும் கட்டியிருந்தது. இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. 2023 பட்ஜெட்டில் அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தபோது ஊர்களில் எழுந்த எதிர்ப்பை வெளியூர்க்காரர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். ‘சீர்திருத்த’ வைத்த பெயர் போகட்டும் என்றுதானே நினைப்பார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பள்ளியில்தான் முதல் எழுத்து கிடைத்தது; அந்த விடுதியில்தான் முதல் முறை மூன்று வேளைச் சோறு கிடைத்தது. எங்கள் ரத்தத்தை வாங்கிக்கொண்டு கொடுத்த பள்ளி, அது எங்களுடையது என்ற எண்ணம் அங்கே ஆழமாக இருக்கிறது. அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது.

1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. தேனி சாலையில், கீழக்குயில்குடியிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் அதன் வளாகம். 1968-ல் உசிலம்பட்டியில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி. ராதாரிச் சீட்டு இல்லாமல் பக்கத்து ஊருக்குப் போக முடியாதவரின் மகன், பஸ் பாஸை எடுத்துக்கொண்டு பி.ஏ. படிக்கப் போனான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூப்பு வருமென்று பத்து வருஷம் காத்திருந்தான். சிலர் ஆசிரியரானார்கள், பலர் போலீசில், பட்டாளத்தில், பஸ் டிரைவர் கண்டக்டராகச் சேர்ந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் திருப்பூருக்கும், வடநாட்டு முறுக்குக் கம்பெனிகளுக்கும் போனார்கள். அந்த முறுக்குக் கம்பெனிகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு பள்ளி வயதுப் பிள்ளைகளையும் அனுப்பினார்கள் என்பது இந்த வட்டாரத்தின் தீராத வலி.

அந்தத் தலைமுறையில்தான் அரசு வேலை என்ற ஆசை வீட்டின் ஒரே ஆசையாக இறுகியது. எல்லா ஊரிலும் அரசு வேலைக்கு மதிப்பு உண்டு. சம்பளம், பென்ஷன், பெண் கிடைப்பது என்று காரணங்களும் எல்லாருக்கும் தெரியும். இங்கே கூடுதலாக ஒன்று இருக்கிறது. எந்தக் காக்கிச் சட்டை இருட்டில் வாசலுக்கு வந்து பெயர் கூப்பிட்டதோ, அந்தச் சட்டையைத் தன் வீட்டுக் கொடியில் துவைத்துக் காயப்போட வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்பட்டாள். அரசாங்கத்தின் பதிவேட்டில் பெயர் வேறு பக்கத்தில் ஏற வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்பட்டார். அது பேராசை இல்லை. கணக்குத் தீர்க்கிற ஆசை.

இன்றைய பையன் அந்த ஆசையைச் சுமந்துகொண்டு விடியற்காலை ஓடுகிறான். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்துப் பள்ளி மைதானம் எதற்காவது ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சம் பாதி மைதானம்தான் எட்டும். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் விசிலும் கைக்கடிகாரமுமாக நிற்பார். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். உயரம் 170 சென்டிமீட்டர். மார்பு 81, மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். ஓட்டம் தேறினால் கயிறு. மரத்தில் கட்டிய வடத்தில் ஏறி ஏறி உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருக்கும். 169-ல் நின்றுபோனவன் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பான், ஒரு சென்டிமீட்டர் நீளாதா என்று. எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டு, பஸ் பிடித்து மதுரை புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வருவான். அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கூட்டத்தில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் கோரிப்பாளையத்துப் பையனும், மேலூர்ப் பையனும், பரமக்குடிப் பெண்ணும் இருப்பார்கள்.

அத்தனை பேருக்கும் இடம் எங்கே இருக்கிறது? 2022-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். பட்டாளத்தில் அதே ஆண்டு வந்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷம் கழித்துப் பெரும்பாலோர் வீடு திரும்ப வேண்டும். இருபத்தைந்தை ஒட்டிய வயதிலேயே ஓய்வு. தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47. இந்திய சராசரி 28.4 என்று 2021–22 கணக்கெடுப்பு சொல்கிறது. படிக்க வைத்ததில் நாம் ஜெயித்துவிட்டோம். படித்தவனை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நிற்கிறோம்.

வீட்டில் பேச்சு எப்படிப் போகும் என்பதற்குக் காதில் விழுந்த ஒன்று. காதணி விழாப் பந்தல். இந்தப் பக்கம் அதை வசந்த விழா என்பார்கள். வாசலில் ஆளுயர பிளெக்ஸ்; மாமன்மார் படம் வரிசையாக. உள்ளே மேஜை போட்டுச் செய்முறை எழுதுகிறார்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறும். அவர் வீட்டு விசேஷத்துக்குக் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். காவலர் தேர்வு எழுதிய ஒரு பையன் கூச்சத்தோடு ஓரமாக நிற்கிறான்.

“ஏய்யா, மாமா கேட்டாக, இந்தத் தடவையாச்சும் கெடச்சுருமான்னு.”

“எழுத்துப் பரீச்சை தாண்டிட்டேம்மா. இனி ஓட்டந்தான்.”

“கெடச்சுட்டா ஒரு விசேஷத்த வச்சுரலாம். நாலு ஊருக்குச் செஞ்ச செய்மொற அப்படியே நிக்கிது. ஒன் தங்கச்சிக்கும் அதுலதான் பாக்கணும்.”

பையன் தலையாட்டினான். வேறென்ன சொல்வான்? அவனுடைய ஓட்டத்தில் அம்மா போட்ட மொய் இருக்கிறது, தங்கச்சி கல்யாணம் இருக்கிறது, மாமனிடம் அப்பா காப்பாற்ற வேண்டிய முகம் இருக்கிறது. ஏழு நிமிடத்தில் முடிய வேண்டிய ஓட்டத்தில் இத்தனையும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அது. ஆனால் மூன்றாவது முறை, நான்காவது முறை தேர்வில் விட்டுவிட்டு, இருபத்தேழு வயதில் மைதானத்துக்கும் வர வெட்கப்பட்டு, உறவு வீட்டு விசேஷத்துக்கும் போகாமல் அறைக்குள் கிடக்கும் பையன்களை இந்த ஊர்களில் பார்க்கிறோம். அவர்களுக்காகவும் யாராவது பேச வேண்டும்.

வெளியே இன்னொரு பார்வை அவர்கள் மீது விழுகிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த மதுரைப் படங்களில் சில நல்ல படங்கள். 1980-இன் மதுரையைக் காட்டிய ‘சுப்ரமணியபுரம்’ 2008-ல் வந்தபோது வேலையில்லாத பையன்களை அரசியல் எப்படிப் பயன்படுத்தி எறிகிறது என்பதை நேர்மையாகச் சொன்னது. பின்னால் வந்த கூட்டம் அருவாளை மட்டும் எடுத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் அறை வாடகைக்குக் கேட்கும் உசிலம்பட்டிப் பையனிடம் வீட்டுக்காரர் ஊர்ப்பெயரைக் கேட்டுவிட்டு ஒரு நொடி தயங்குகிறார். 1914-ல் சட்டம் செய்ததை இன்று சினிமாவும் வாயும் செய்கின்றன. விரல் ரேகையும் மறுபடி வந்துவிட்டது, ஆதாருக்கும் ரேஷன் கடைக்கும். ஆனால் அதை எல்லாரும் வைக்கிறார்கள். பிறப்பைப் பார்த்து ஒருவரை மட்டும் வைக்கச் சொல்வதில்லை. அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் பெருங்காமநல்லூரில் 16 பேர் செத்தார்கள்.

இதைச் சொல்லும்போது அடுத்ததையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் நேர்மை இருக்காது. பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று எழுதப்பட்டவர்களின் பிள்ளைகள், பிறப்பை வைத்து இன்னொருவரை நாற்காலியில் உட்கார விடாமல் தடுத்தார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட 1996-லிருந்து பத்து வருஷம் அங்கே ஒரு தலைவர் நின்று நிலைக்க முடியவில்லை. 2006-ல்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். சமவெளியின் மறுகோடியில், மேலூர்ப் பக்கம், மேலவளவு ஊராட்சியின் தலித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்களின் தலித் பையன் ஆளாவதற்கு அன்றும் இன்றும் இரட்டைத் தடை. அவனும் அதே மைதானத்தில் அதே ஏழு நிமிடத்துக்குத்தான் ஓடுகிறான்.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். எண்பதுகளில் உசிலம்பட்டி என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது பெண் சிசுக்கொலையால். வரதட்சணைக்கும் செய்முறைக்கும் பயந்த வீடுகள் பெண் குழந்தையை வேண்டாமென்றன. அந்த வருஷங்களில் பிறந்த பையன்கள் கல்யாண வயதுக்கு வந்தபோது, முறைப்பெண் என்று சொல்லிக்கொள்ள மாமன் வீட்டில் பெண் இல்லாத வீடுகள் இருந்தன. இருக்கிற பெண் படித்திருக்கிறாள்; ‘மாமன் மகன், அதனால் கட்டு’ என்பதை ஏற்கத் தயாரில்லை. அதுவே நல்ல மாற்றம். ஆனால் அவள் தானாகத் தேர்ந்தால் என்ன ஆகும்? 2014-ல் உசிலம்பட்டிப் பகுதியில் வேறு சாதிப் பையனை மணந்த ஓர் இளம்பெண்ணின் மரணம் தொடர்பான வழக்கில்தான், 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், சாதி மறுத்து மணப்பவர்களைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொன்னது. மாமன் தோளில் ஏறியவன் அன்று மாமன் சொன்ன பெண்ணைக் கட்டினான். இன்று காதலிக்கிறான், பயந்துகொண்டே காதலிக்கிறான்.

ஆக, என்ன மாறியிருக்கிறது? பையனின் காலில் இருந்த கட்டு அவிழ்ந்திருக்கிறது. எந்த ஊருக்கும் போகலாம், எதையும் படிக்கலாம். அவன் என்ன ஆக வேண்டும், யாரைக் கட்ட வேண்டும் என்ற தீர்மானம் இன்னும் அவன் கைக்கு முழுதாக வரவில்லை. அன்று அதைப் பறித்தது சர்க்கார் என்பதால் சண்டை போட முடிந்தது. இன்று அதைக் கையில் வைத்திருப்பது அம்மா, அப்பா, மாமன், பிரியத்தோடு வைத்திருக்கிறார்கள். அதனால் அவனால் சண்டை போடவும் முடியவில்லை.

பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இந்தக் காக்கி ஆசை எங்கிருந்து வந்தது, சாவடியில் யார் படுத்தார், எதற்காகப் படுத்தார் என்று தெரிந்த பையன், வேலைக்குப் போனாலும் நிமிர்ந்து போவான். வேறு வழி எடுத்தாலும் குற்ற உணர்ச்சி இல்லாமல் எடுப்பான். காவல் நிலையத்துக்குள் அதிகாரியாக நுழைந்தால், சாதியைக் கேட்டு யாரையும் தரையில் உட்கார வைக்கமாட்டான். 1947-க்கு முன் கடைசியாக ரேகை வைத்தவர்களுக்கு இன்று வயது தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருக்கும். உங்கள் ஊரில், உங்கள் பங்காளி வீட்டில் அப்படி ஒரு சீயான் இன்னும் இருந்தால், அல்லது கல்யாண ராத்திரி தனியாகப் படுத்த ஓர் அப்பத்தா இருந்தால், இந்த வாரமே போய் உட்காருங்கள். செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். போகும்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.